மூன்றாவது பெயர்

நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை.
கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் கடலுக்குப் போன
பத்துப் படகுகளும்தான்.

நாற்பது ஆண்கள், ஒரே பிற்பகலில்.
அதற்குப் பின் எங்கள் தீவில்
காற்று என்று யாரும் சொல்லவில்லை.
யார் என்று கேட்டார்கள்.
காற்றுக்கு வாசல் கிடையாது, போய்த் தட்ட.

என்னைக் கோட்டைக்கு அழைத்துப்போனார்கள்.
மீனெண்ணெய் விளக்கு.
பெர்கனிலிருந்து வந்த எழுத்தர்
உறைந்த மையை வாயால் ஊதி
உருக்கிக்கொண்டிருந்தார்.
மூன்று பெயர், என்றார்,
உப்பு விலை கேட்பதுபோல.

முதலில் சிசெல் என்றேன்.
போன வருடமே அம்மையில் போய்ச் சேர்ந்தவள்.
அடுத்து ஓசெ.
அவளைக் கோடையிலேயே எரித்தாயிற்று.
செத்தவர்களுக்கு வலிக்காது என்று
என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எழுத்தர் இறகைக் கீழே வைத்தார்.
"உயிரோடு இருக்கிற ஒருத்தி."

மூலையில் ஒரு கயிறு கிடந்தது.
யாரும் அதைத் தொடவில்லை.
தொட வேண்டியிருக்கவில்லை.

சின்னவனுக்கு இருமல்,
இந்நேரம் அடுப்பு அணைந்திருக்கும்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
உண்மை, பொய் எதுவும்
அந்த அறையில் என் நினைப்பில் வரவே இல்லை.

சட்டைக் கழுத்தில் ஓர் ஊசி செருகியிருந்தேன்.
சின்னவனின் கையுறை தைக்க
காலையில் குன்வோர் இரவல் தந்தது.
குனிந்தபோது அது தோலில் உரசியது.
உரசியதால் அவள் பெயர் வந்தது.
வேறு காரணம் கேட்காதீர்கள்.
அவளோடு பகை இருந்திருந்தால்
ஊர் என்ன சொல்லுமோ என்று
வாயை அடக்கியிருப்பேன்.

குன்வோர், என்றேன்.
மை அதற்குள் இளகியிருந்தது.

வெளியே பனியில் நடந்தபோது
எனக்குப் பசித்தது.
சொல்ல வெட்கமாயிருக்கிறது, நன்றாகவே பசித்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கே விளங்காதது.
மூன்றாம் இரவு ஞாபகம் வந்தது:
படகுகள் போன அன்று அவள் கரையில் நின்றாள்.
எல்லோரும்தான் நின்றோம்.
ஆனால் அவள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
மீன்களை இரண்டிரண்டாக
வாலோடு வால் சேர்த்துக் கட்டினாள், காயப்போட,
நாங்கள் எல்லோரும் கட்டுவதுபோல.
இருந்தாலும் முடிச்சு முடிச்சுத்தானே?
ஒரு வாரத்தில் என்னால்
அவற்றை எண்ணியே சொல்ல முடிந்தது.
மூன்று. ஒவ்வொன்றையும் அவிழ்க்கும்போது
அவள் உதடு அசைந்ததுகூடத் தெரிந்தது.

அவள் ஊசியால் தைத்துக்கொண்டே
அவளுக்குப் பயந்தேன்.
நான் சொன்னது பொய் என்றால்
நான் யார்?
அதற்கு, அவள் சூனியக்காரியாக
இருந்துவிட்டுப் போவது மேல்.

இன்று காலை கோட்டையின் புகைபோக்கியில் புகை.
குன்வோரை உட்கார வைத்திருக்கிறார்களாம்.
எழுத்தர் மையை ஊதிக்கொண்டிருப்பார்.

கையுறை முடிந்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் சற்றுக் கோணல்.
ஊசியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மூன்று பெயர் கேட்பார்கள்.
அவளுக்கும் நான்தான் பக்கத்து வீடு.