கடைமடை எலும்பு

ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் போட ஏறியவள்
வறண்ட தளத்தில் விழுந்தேன்.
கையை ஊன்றினேன், அவ்வளவுதான்.
பங்குனி. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
இருந்திருந்தால் நனைந்திருப்பேன்,
ஒடிந்திருக்க மாட்டேன்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
கட்டைவிரலை விரிக்கச் சொன்னார் டாக்டர் நூருல் ஹுதா.
அடியில் ஒரு பள்ளம் விழுந்தது.
மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சுவார்களே, அந்தக் குழி.
அழுத்தினார்.
எனக்கு மேட்டூர் வரைக்கும் தெரிந்தது.

படகெலும்பு என்றார். இடுப்பில் கோடு.
முந்திரிப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு, இதற்கா இத்தனை என்றேன்.
இதற்கு ரத்தம் விரல் பக்கமாகத்தான் நுழையும்,
பிறகு திரும்பி முழங்கையைப் பார்த்துப் பாயும்,
நடுவில் ஒடிந்தால் பின்பாதிக்குப் போய்ச் சேராது,
காய்ந்துபோகவும் கூடும் என்று
சீட்டின் முதுகில் வரைந்து காட்டினார்.
வரைய வேண்டியதே இல்லை.
பத்தொன்பது வருஷம் லஸ்கர் வேலை.
ஆற்றை ஒட்டியே கிடந்தும்
வாய்க்கால் ஊரைச் சுற்றி வந்து கடைசியில் நனைகிற வயல்
எல்லாப் பக்கமும் ஒன்று உண்டு.
அதன் சொந்தக்காரரின் கெட்ட வார்த்தைகளும் எனக்கு அத்துப்படி.

வெளிச்சப்பெட்டியில் என் படத்துக்குப் பக்கத்தில்
ஒரு பையன் கை. ஏழு வயது, கொய்யாமரம்.
விரலெலும்புகள் ஒன்றையொன்று தொடாமல்
விட்டு விட்டு நின்றன.
பிள்ளைக்கு இத்தனை இடத்திலா என்று பதறினேன்.
எக்ஸ்ரே எடுக்கும் சலேத்மேரி சிரித்தாள்.
"அது முறிவு இல்லக்கா, வளர்ற இடம்.
அங்க இன்னும் குருத்துதான், படத்துல விழாது.
வயித்துல இருக்கயில எல்லாமே குருத்துதான்,
சுண்ணாம்பு அப்புறமா ஏறும்.
பதினெட்டு வயசுக்குள்ள மூடிக்கும்."
அப்படியானால் எனக்கும் ஒருநாள் அடைத்திருக்கிறார்கள்,
தண்டோரா போடாமல்.

பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு.
இடக்கையால் சோறு, இடக்கையால் கையெழுத்து,
இடக்கையால் போட்ட சடை எலி பறித்த வரப்பு.
வாய்க்காலில் பொக்லைன் நின்றது.
பறிக்கிறவர்கள் பத்தே நாளில் பறித்துவிட்டுப் போய்விட்டார்கள்.
கரை கட்டுகிறவர்கள்தான் ஆடி அசைந்து வந்தார்கள்.
எலும்புக்குள்ளும் இதே இரண்டு கூட்டமாம்:
அரிக்கிறவை மூன்று வாரம்,
பூசுகிறவை மூன்று மாதம்,
ஒடியாத எலும்பிலும் ராப்பகலாக.
அங்கே பில் பாஸ் பண்ண எஞ்சினியர் கிடையாது.
பத்து வருஷத்தில் ஏறக்குறைய மொத்த எலும்பும் புதுசாம்.
அப்படியென்றால் வேலைக்குச் சேர்ந்த அன்று
இந்தத் திருகைப் பிடித்த கை
இது இல்லை.
சர்வீஸ் புத்தகத்தில் மட்டும் அதே வே. மங்கையர்க்கரசி.

ஆனியில் கட்டை அறுத்தார்கள்.
வாழைத்தண்டாக வெளுத்து
யார் வீட்டு வாசனையோடோ கை வெளியே வந்தது.
கோடு மங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.
பின்பாதியைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம்,
ஆறு வாரம் கழித்து வரணுமாம்.

மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
எங்கள் தலைப்பில் மூன்றடி ஓடுகிறது.
இடக்கையால் திருகுகிறேன்,
ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு.
தில்லைவிளாகத்திலிருந்து வைரக்கண்ணு தினமும் போனில்:
"தண்ணி வுட்டாச்சா?"
வுட்டாச்சு என்கிறேன்.
"வுட்டா ஆச்சா? வந்து சேரணும்ல."

ராத்திரி, மதகடியில் தண்ணீர் இரைகிறது.
கட்டைவிரலை விரித்துக் குழியை அழுத்திப் பார்க்கிறேன்.
வலிக்கிறது.
வலித்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தமா,
இன்னும் ஒட்டவில்லை என்றா,
கேட்டு வைத்திருக்கலாம்.