பதினைந்து இதழ் விசிறி

லிவிங்ஸ்டனில் விடுதிச் சமையல்காரர் மலாம்போ
வண்டி சன்னல் வழியாக ஒரு விசிறியை நீட்டினார்.
பதினைந்து பிளாஸ்டிக் இதழ்கள்,
ஒவ்வொன்றிலும் ஓர் எண்.
முதலாவது நீர்மோர்.
கடைசி, சூளையிலிருந்து எடுத்த செங்கல்.
"பன்னிரண்டு வேண்டும் என்று அவளிடம் சொல்.
வருவது மூன்று.
விருந்தாளிகள் ஆம்லெட்டைப் பார்த்துவிட்டு
கோழிக்கு உடம்பு சரியில்லையா என்கிறார்கள்."

நான் முட்டை ஏற்றுகிறவன்.
சோமாவிலிருந்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்,
பெரிய குழிகளுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறேன்.
உடையாமல் சேர்ப்பது என் பாடு.
உள்ளே என்ன நிறமென்று
அதுவரை யோசித்ததில்லை.

பினா சோல்வே விசிறியை
சீட்டாடுகிறவள் மாதிரி விரித்தாள்.
தட்டில் ஒரு முட்டையை உடைத்து
மூன்றாம் இதழைப் பக்கத்தில் வைத்தாள்.
"சரியாகத்தான் சொல்கிறார்."
தீவனத் தொட்டியைக் காட்டினாள்:
வெள்ளை மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, சுண்ணாம்புத் தூள்.
"கோழி என்ன சாயப்பட்டறையா நடத்துகிறது?
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.
மஞ்சள் கரு என்று பெயர் வைத்தவன்
எங்கள் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது."

மஞ்சள் சோளம் போடலாமே என்றேன்,
ஆலையில் கிடைக்கிறது, விலையும் குறைவு.

அவள் உடைத்த முட்டையை வாணலியில் சரித்தாள்.
அது வேகும்வரை பேசவில்லை.

"தொண்ணூற்றிரண்டில் நீ பிறந்திருந்தாயா?"

இல்லை.

"மழை வரவில்லை. சோளம் கப்பலில் வந்தது, மஞ்சளாக.
எனக்கு எட்டு வயது, வரிசையில் நின்றேன்.
என்சிமா கிண்டினால் பானை முழுக்க மஞ்சள்.
மாடு தின்பது அது என்று யாரோ சொல்லிவிட
தம்பி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் தின்றான்.
தின்றோம், பிழைத்தோம்.
அதற்காக அதைப் பிடிக்க வேண்டுமென்று இல்லை."

அடுத்த வாரம் கீரைப் பாத்தி மொட்டையாக இருந்தது.
பூசணி இலை, முருங்கை இலை,
வேலியோரத்துப் புல், எல்லாம் நறுக்கிப் போட்டிருந்தாள்.
ஆறு வரை ஏறியது.
இருநூறு கோழிக்கு எத்தனை வேலியைத் தின்னக் கொடுப்பது?

அதற்கடுத்த வாரம் கொட்டகைக்குள் ஒரு மூட்டை,
எழுத்திருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

நிறம் மெதுவாகத்தான் வருகிறது.
இன்று இடும் முட்டைக்குள்
போன வாரத்துத் தீனி சுருண்டு கிடக்கிறது.
ஐந்து. எட்டு. ஒன்பதில் நின்றது.
பிறகு ஆலைக்காரர் ஹமாவுண்டு
செண்டுமல்லியும் மிளகாயும் அரைத்த தூளை
ஒரு கரண்டி சேர்க்கச் சொன்னார்.
பன்னிரண்டு!
மலாம்போ தட்டுக்குப் பத்து குவாச்சா கூட்டினார்.

சோமா சந்தையில் மீதியை விற்கப் போனவள்
மூன்று தட்டுகளோடு திரும்பி வந்தாள்.
"கண் சிவந்த முட்டையாம். மருந்து போட்டிருக்கிறேனாம்."
இப்போது இரண்டு கொட்டகை.
கிழக்கே சந்தைக்கு, மேற்கே விடுதிக்கு.
சிவப்பு நூல் கட்டிய தட்டு லிவிங்ஸ்டன்.
ஒருமுறை நூல் அவிழ்ந்துபோய்
எது எதுவென்று தெரியாமல் நடுச்சாலையில் நின்றேன்.
ஓட்டைப் பார்த்துத் தடவி, வெயிலில் தூக்கிப் பிடித்து,
கடைசியில் இரண்டை உடைத்தேன்.
இரண்டையும் வண்டியிலிருந்த உப்போடு
அப்படியே குடித்தேன், வீணாக்க மனமில்லாமல்.
ருசியில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.
அவள் வீட்டுக்கு எந்தக் கொட்டகை முட்டை என்று
கேட்க நினைத்து, கேட்கவில்லை.
அடுப்பில் என்சிமா வெந்துகொண்டிருந்தது,
வெள்ளையாக.

நேற்று அக்டோபர் வெயில்.
கோழிகள் அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின.
கொட்டகை வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
அந்த விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.
ஒன்றிலிருந்து பதினைந்து வரை
அத்தனை மஞ்சளும் முகத்துக்கு முன்னால் பறந்தன.

மலாம்போ பதிமூன்று கேட்கிறார் என்றேன்.

விசிறிக்கொண்டே இருந்தாள்.