மைனஸ் நாற்பத்தொன்று

ஓரெஸ்ட் பெத்ரென்கோவுக்குப் பாட வராது.
தேவாலயத்தில் பாட்டு தொடங்கினால்
வாயை மட்டும் அசை என்று
கையைக் கிள்ளுவாளாம் மனைவி.

முப்பத்திரண்டு வருடம்
ஆறு மணிச் செய்தியின் வாலில் வந்து
வினிபெக்குக்குக் குளிர் சொன்னவர்.
பள்ளிக்கூடம் மூடுமா, பேருந்து ஓடுமா,
காருக்கு இரவு மின்கம்பி சொருகவேண்டுமா,
எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது.
பால் வாங்கப் போனாலும்
"நாளைக்கு எப்படி?" என்பார்கள்,
ஏதோ அவரே அனுப்பிவைப்பதுபோல.

ஓய்வு பெற்றதும் நூலகத்தார் கேட்டார்கள்:
பழைய பனிப்புயல் குறிப்புகளை
வாசித்துத் தாருங்கள், பார்வையற்றவர்களுக்காக.
ஒலிப்பதிவு நான்.
சார்ஜெண்ட் அவெனியூவில் பல் வைத்தியருக்கு மேல்மாடி.
கீழே துளையிடும் சத்தம் ஓயட்டும் ஓயட்டும் என்று
காத்திருந்து பதிந்தது.

மைனஸ் நாற்பத்தொன்று, என்றார்.
பிறகு நான்கு நொடி எதுவுமில்லை.
பிறகு,
"வெளியே போகாதீர்கள்."

அந்த நான்கு நொடியைத்தான்
டொராண்டோ நடுவர்கள் தலையில் வைத்து ஆடினார்கள்.
ஆண்டின் சிறந்த இசைத்தட்டு.
மௌனத்துக்குச் சுருதி சேர்த்தவர் என்றது
ஒரு பத்திரிகை.

உண்மை இது:
அவர் வாயில் ஒரு புதினா மிட்டாய்.
இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னம் போய்ச்சேர
அதற்கு நான்கு நொடி.
வெட்டியிருக்க வேண்டியவன் நான்.
ஐந்தரைக்குக் காப்பகத்தில் மகளை எடுக்கவேண்டும்,
பிந்தினால் நிமிடத்துக்கு ஒரு டாலர்.
வெட்டவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம்.
இந்த ஊரில் பனை ஏது,
பனிதான்.
ஆனாலும் விழுந்தது.

மேடையில் ஓரெஸ்ட்,
கண்ணாடி விருதைச் சூடான தட்டுப்போல் பிடித்துக்கொண்டு
"ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்றார்.
அடக்கம் என்று நினைத்து
எழுந்து நின்று தட்டினார்கள்.

தோற்றவர்களில் ஒருத்தி
கிம்லியின் செல்லோக்காரி மார்கிரெட் ஓலாவ்சன்.
நாற்பது வருட வாசிப்பு. இடக்கை விரல் நுனிகள்
காய்த்து மரமாய்ப் போனவை.
அவளும் தட்டினாள்.

மேலங்கி வாங்கும் வரிசையில் அவரைப் பிடித்தாள்.
"அந்த இடைவெளி.
எனக்கு அங்கே வந்தால் பயம்,
அடுத்த சுரத்துக்கு ஓடிவிடுவேன்.
நீங்கள் எப்படி நின்றீர்கள்?"

நான் தரையைப் பார்த்தேன்.
சொல்லிவிட்டார், மிட்டாயை.
கன்னம் மாற்றுவதை நடித்தும் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை.
கையை நீட்டினாள்.
சட்டைப்பையைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்,
தாளில் நூல் ஒட்டியிருந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது.
அத்தனை பேரில் குடை கொண்டுவராதவர்
ஓரெஸ்ட்தான்.