பிறப்பிடம் என்ற கட்டம்

துவாஸ் தென்முனையில்
மண்ணுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
பாரப்படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்:
எடை, ஈரம், வந்த நேரம்,
பிறப்பிடம்.

அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால்
மேலாளர் கையெழுத்துப் போடமாட்டார்.
ஏதாவது ஓர் ஆற்றின் பெயர் வேண்டும்.
நான் பார்த்திராத ஆறு,
என் வாய்க்குள் நுழைய மறுக்கும் பெயர்.

நேற்று அதிகாலை மூன்று மணி.
பதினொன்றாம் படகு தாமதம்.
மின்னல் எச்சரிக்கை ஒலித்துவிட்டதால்
பாரந்தூக்கிகள் கைகட்டி நின்றன.
கொள்கலனை வெட்டிச் செய்த அலுவலகத்தில்
நான், கியோக் லெங்,
வெந்நீர் ஊற்றிக் கலக்கிய பொட்டலக் காப்பி.

அவன் கேட்டான். கேலி இல்லை,
தூக்கம் வராதவனின் கேள்வி:
"எல்லாவற்றையும் உன் கடவுள் செய்தார் என்கிறாய்.
மண் எந்தப் படகில் வந்தது?"

சிரித்தேன்.
அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிறு மாலை ஆராதனையில்
எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம்.
வானமும் பூமியும் வரும் இடத்தில்
என் நாக்கு தானாக ஓடும்,
ரயில் கதவு மூடப்போகிறது என்ற அறிவிப்பைக்
காது கேட்காமல் கேட்பதுபோல.

எங்கள் தொழிலில்
இல்லாததிலிருந்து எதுவும் வராது.
கடலைத் தூர்க்க மலை வேண்டும்.
மலை தீர்ந்தால் ஆறு.
ஒரு நாடு போதும் என்றால் இன்னொரு நாடு.
அதுவும் இல்லையா, சுரங்கப்பாதைக்குத்
தோண்டிய களிமண்.
இங்கே ஓர் அடி கூடினால்
எங்கோ ஓர் அடி குறைந்திருக்கிறது.
எங்கோ ஒரு மீனவரின் வலை
நேற்றிருந்த ஆழத்தைத் தேடித் துழாவுகிறது.
என் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை.
இதைத்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று
எனக்கே அப்போதுதான் தெரிந்தது:
யாருடைய கரையும் சுருங்காமல்
ஒரு கரை.

"படகே இல்லை" என்றேன்.
"படகு வரக் கடல் இல்லை.
காத்திருக்க இந்த மூன்று மணியும் இல்லை."
"பிறகு என்னதான் இருந்தது?"
"கூப்பிடும் ஒரு குரல்."
"யாரைக் கூப்பிட?"

அங்கே மாட்டிக்கொண்டேன்.

இல்லாத ஒன்றைப் பெயர் சொல்லிக்
கூப்பிட்டுப் பார்த்தவள் நான்.
கே.கே. மருத்துவமனையின் நீல நாற்காலிகளில்
ஆறு வருடம்
நானும் சுகிர்தராஜும்
ஒரு பெயரை மடித்துப் பைக்குள் வைத்திருந்தோம்.
எங்கள் குரலுக்கு யாரும் வரவில்லை.
அவர் குரலுக்கோ எல்லாம் வந்தன.
நட்சத்திரம் வந்தது. சரி.
நத்தை கூட வந்தது.
தூண் இடுக்கில் ஒட்டும் அந்தச் சிப்பி கூட.

இது நியாயமா என்று
பேருந்தின் மாடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்,
வாய்விட்டு,
முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
பதில் கிடைக்கவில்லை.
கேட்க ஆள் இல்லை என்று மட்டும்
ஒருநாளும் தோன்றியதில்லை.

கியோக் லெங்கிடம் இதில் எதையும் சொல்லவில்லை.
அவன் ஜன்னல் வழியே
போன வருடம் தூர்த்த நிலத்தைப் பார்த்தான்.
மேலே பாரம் ஏற்றி
சும்மா விட்டிருக்கிறோம்.
நீர் கசிந்து, களி இறுகி,
தன் எடையைத் தானே தாங்கப் பழகும்வரை
அதில் ஒரு கம்பம்கூட நடக்கூடாது.
ஏழாம் நாள் எதற்கு என்று
எந்தப் பிரசங்கமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அபாயம் நீங்கியதற்கு மணி அடித்தது.
படகும் வந்தது.
விளக்கொளியில் மண் சரிந்தபோது
கடல் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை,
கொஞ்சம் இடம் விட்டு
அடுத்த கரைக்குப் போய் முட்டியது.

எடை எழுதினேன். ஈரம். நேரம்.
ஆற்றின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"இந்த ஆற்றுக்கு முன்னால்?" என்றான்.

பேனாவை அவனிடமே நீட்டினேன்.
வாங்கிக்கொண்டான்.
எழுதவில்லை.
திருப்பியும் தரவில்லை.