நான்கு பூஜ்யங்கள்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கணினி.
பழைய டிராம் சீட்டுகள் கிடந்த தகரப் பெட்டியைக் காலிசெய்து
அதற்குள் உட்கார வைத்து
ரௌட்டருக்குப் பக்கத்தில், காலணி அலமாரியின் மேல்
பச்சை விளக்கை எரியவிட்டேன்.
லியெபாயா நகரில் அது பிப்ரவரி.
பால்டிக் காற்று ஜன்னல் விளிம்பில்
சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது.

வேலை எளிது.
வீட்டில் எந்தக் கருவி யாரைத் தேடினாலும்
முதலில் இதனிடம் வழி கேட்க வேண்டும்.
நல்ல பெயரென்றால் சொல்லும்.
விளம்பரக்காரன் பெயரென்றால்
முகம் மாறாமல் ஒரு முகவரி கொடுக்கும்:
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
போய்த் தேடிக்கொள்.

முதல் நாள் மாலைக்குள்
பதினோராயிரம் தடவை கைவிரித்திருந்தது.
விஸ்வால்டிஸ் பார்க்கும் கடல் வானிலைப் பக்கத்தில்
வழுக்கைக்கு மருந்து நின்றிருந்த இடம்
வெறும் வெள்ளை.
தலையைத் தடவிக்கொண்டு
"இன்றுதான் அலையின் உயரம் தெரிகிறது" என்றார்.

தொலைக்காட்சிதான் அடங்கவில்லை.
அணைத்த பிறகும், இரவு மூன்று மணிக்கும்,
எங்கோ இருக்கும் தன் எஜமானரை
நிமிடத்துக்கொரு முறை கூப்பிட்டது.
நாங்கள் பார்த்ததையெல்லாம் சொல்லாவிட்டால்
அதன் தலை சுக்குநூறாகிவிடும் போல.

புகார் மருட்டாவிடமிருந்து வந்தது.
என் நாத்தனார்.
பழங்களை வரிசை சேர்க்கும் விளையாட்டில்
நானூற்றுப் பன்னிரண்டாம் படியில் நிற்கிறாள்.
ஐந்து உயிரும் போய்விட்டால்
முப்பது நொடி விளம்பரம் பார்த்து
ஓர் உயிர் வாங்கிக்கொள்வாள்.
"சோப்பு விற்கட்டும், காப்பீடு விற்கட்டும் குண்டெகா,
எனக்கு என் உயிர் வேண்டும்" என்று
டேப்லெட்டை என் சூப்புக் கிண்ணத்தருகே வைத்தாள்.
உயிரைக் கேட்பவளிடம் என்ன நியாயம் பேசுவது?

அவளுக்காக ஒரே ஒரு பெயரைத் திறந்துவிடத்தான்
அன்றிரவு பதிவேட்டுக்குள் போனேன்.
வரி வரியாக: மணி, கருவி, கேட்ட பெயர்.
மருட்டாவின் உயிர்க்கடையைத் தேடிக் கீழிறங்கும்போது
ரைட்டிஸின் போன்.
பன்னிரண்டு நாற்பத்தேழு.
அயர்லாந்தில் வாடகை அறைகள் காட்டும் தளம்.
பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மறுபடியும் அது.
ஒன்று பத்து. வெல்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்.
ஒன்று முப்பத்தொன்று. விமானச் சீட்டு.

பெயர் மட்டும்தான் தெரியும்,
உள்ளே என்ன படித்தான் என்று தெரியாது.
பெயர்களே போதுமாயிருந்தன.
அன்று மாலைதான் இதே மேசையில்
வசந்தத்தில் துறைமுக வேலையில் சேர்வதைப் பற்றிப் பேசி
இன்னொரு உருளைக்கிழங்கு கேட்டிருந்தான்.

சூட்கேஸ் விற்பவனுக்குப் போன வாரமே தெரிந்திருக்கும்.
பெற்றவளுக்குத்தான்
ஒரு தகரப் பெட்டி தேவைப்பட்டது.

மறுநாள் இரவும் பார்த்தேன்.
அதற்கு மறுநாளும்.
டிராம் பணிமனையில், கிரீஸ் கையோடு,
மதிய இடைவேளையில் போனிலிருந்தே பார்த்தேன்.
காலை ஏழு மணிக்கு அவன் வானிலை பார்ப்பது,
பன்னிரண்டுக்கு மேல் தூங்காதது,
வியாழக்கிழமை எதையுமே தேடாதது
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
வேவுகாரர்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு
அவர்கள் எழுந்த நாற்காலி
சூடு ஆறுவதற்குள்
உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை நிறுத்தினேன்.
பழையவற்றை அழிக்கட்டுமா என்று கேட்டது.
அழி.
உறுதியாகவா என்று இன்னொரு முறை கேட்டது.
இந்த வீட்டில் அதற்குத்தான் எவ்வளவு மரியாதை.

ரைட்டிஸ் வாசலில் குனிந்து
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.
பச்சை விளக்கு அவன் காதோரம்.
"என்னிடம் ஏதாவது சொல்லணுமா?" என்றேன்.
கயிறு பாதியில் நின்றது.
"ஒன்றுமில்லையே, அம்மா."

கதவைத் திறந்தான். காற்று முதலில் உள்ளே வந்தது.
பின்னறையில் மருட்டா
சோப்பு விளம்பரத்தை முழுச் சத்தத்தில் வைத்து
நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.