நாற்பத்திரண்டாம் நாற்று

டுலூத்தில் ஜூலை மாதமும் ஸ்வெட்டர்தான்.
அளவு நாடாவோடு குனிகிறாள் ஆர்டிஸ்.
எண்பது டாலர் கருஞ்சிவப்பு டேலில்லி:
தண்டு இருபது அங்குலம், மொட்டு ஒன்பது,
மழை பட்டால் புள்ளி விழும்.
அதன் மகள், நாற்பத்திரண்டாம் நாற்று,
மூன்று வருடம் இலையை மட்டும் காட்டிவிட்டு
நேற்றுப் பூத்திருக்கிறது.

நேற்று அவள்
கோர்டியின் முழங்காலோடு மருத்துவமனையில்.

இப்போது தண்டில் தொங்குவது
ஈரக் கைக்குட்டை முடிச்சு.
பிரித்தால் விரலில் வழுக்குகிறது.
அடுத்த மொட்டு இன்னும் பச்சை மிளகாய்.

வேலிக்கு வெளியே, சாக்கடையோரம்
யாரும் நடாத ஆரஞ்சு லில்லி
நூறு நூறாய்.

நோட்டில் 'நிறம்' கட்டம் காலி.
தபால் கொண்டுவரும் வெண்டலை நிறுத்திக் கேட்கிறாள்.
"ஏதோ பழுப்பு மாதிரி இருந்துச்சு, ஆர்டிஸ்.
உங்க நாய் துரத்துச்சு,
சரியாப் பாக்கல."