நிகர எடை

விருதுநகர் லாரிப்பேட்டையில்
எடைமேடைச் சீட்டுப் போடுகிறவள் நான்.
ஏற்றிய வண்டியில் வெற்று வண்டியைக் கழித்தால் சரக்கு.
வேறு படிப்பு இல்லை.

கிளம்புகிற காலை
கொக்கித் தராசில் சிலிண்டரை மாட்டித் தூக்கினேன்.
எட்டுக் கிலோ நூறு.
கழுத்து வளையத்தில் அச்சடித்த வெற்று எடை ஏழு இருநூறு.
"ஃபுல்லுதான், தட்டிப் பாத்தாச்சு" என்றார் பூபதி.
தொள்ளாயிரம் கிராம் என்றேன்.
அவர் கதவைச் சாத்திய வேகத்தில்
உள்ளே தொங்கிய கரண்டிகள் எல்லாம்
ஒருமுறை பேசி ஓய்ந்தன.

வேன், பழைய பள்ளிக்கூட வேன்.
பின் சீட்டுகளைக் கழற்றி, பிளைவுட் மேடை அடித்து,
இரட்டை அடுப்பைப் போல்ட்டில் இறுக்கியிருந்தார்.
கேஸ் கனம், தரையோடுதான் ஊரும் என்று
பலகையில் மூன்று துளை.
டியூப் மூட்டில் சோப்பு நுரை தடவினால்
குமிழ் வருகிறதா என மூக்கு முட்டப் பார்ப்பது
செங்கனியின் உத்தியோகம்.
சம்பளம், கடலை மிட்டாய் ஒன்று.

முதல் ராத்திரி புதுமடம்.
தென்கடல், வைகாசிக் கச்சான்.
பின்கதவைத் திறந்தால்தான் சமையல்;
திறந்தால் காற்று செருப்போடு உள்ளே வந்தது.
நீலம் படுத்தது, எழுந்தது, இல்லாமல் போனது.
தகரம் வைத்தோம். சூட்கேஸ் வைத்தோம்.
கடைசியில் பூபதியே குத்தவைத்து உட்கார்ந்தார்,
சட்டைக்குள் காற்றேறி முதுகு பலூனாக,
அடுப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மனுஷச் சுவராக.
நாலு டம்ளர் டீக்கு இருபத்தைந்து நிமிஷம்.

வலையை உதறிக்கொண்டிருந்த சீனிமுகமது
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வண்டியத் திருப்பிப் போட்டா என்ன?"

நாங்கள் நால்வரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இல்லாட்டி வடக்க போங்க. அது பெண்கடல்.
இந்த மாசம் அசையாது."

போனோம். அரியமான்.
சவுக்குத் தோப்புக்கு அந்தப்புறம்
தட்டில் ஊற்றி வைத்த மாதிரி தண்ணீர்.
ஒரு கிலோ நகரை வாங்கி, மஞ்சள் உப்புப் பிரட்டி வைத்து,
அரிசியைக் குக்கரில் போட்டேன்.
சுடர் நிமிர்ந்து நின்றது, பள்ளிக்கூடப் பிள்ளை போல.
ஒரு விசில்.
இரண்டு.
மூன்றாவதுக்காக விரலை மடக்கிக் காத்திருந்தான் வேலவன்.
மடக்கிய விரலோடு என்னைப் பார்த்தான்.

நீலம் ஒரு பொட்டளவு ஆகி, அதுவும் அணைந்தது.
மூடிவிட்டுக் கழற்றித் தூக்கினேன்:
ஏழு இருநூறு.
என் கணக்கில் இன்னும் இரண்டு வேளை பாக்கி.
புதுமடத்துக் காற்று தின்ற எடையை
எந்தச் சீட்டில் ஏற்ற?

பூபதி ஒன்றும் பேசாமல்
சிலிண்டரைத் தோளில் வைத்து ஷேர் ஆட்டோ ஏறினார்.
உச்சிப்புளியில் முதல் கடையில்
வாய் வேறு, நம் ரெகுலேட்டர் உட்காராது.
இரண்டாவது கடை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குச் சாத்தியிருந்தது.
போனில் சொன்னார்: "ஷட்டர்கிட்ட நிழல் இருக்கு. நிக்கிறேன்."

நான் குக்கரைக் கம்பளியில் சுற்றினேன்.
அதன்மேல் இரண்டு துண்டு, அதன்மேல் என் பழைய நைட்டி.
காய்ச்சல்காரனைப் போலப் போர்த்தி
சீட்டில் சாய்த்து வைத்தேன்.
ஐஸ் பெட்டியில் மீன், தன் தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கியது.
செங்கனி கம்பளிமேல் காது வைத்து
"உள்ளே இன்னும் பேசுது" என்றாள்.

மூன்றரைக்கு வந்தார், வேர்வையும் சிலிண்டருமாக.
வாங்கியதும் நான் செய்த முதல் காரியம்
சொல்லவே வெட்கம்:
தராசில் மாட்டினேன்.
பன்னிரண்டு இருநூறு.
பூபதி வாயைத் திறந்தார், மூடினார், பிறகு சிரித்தார்.
குக்கரைப் பிரித்தோம். அடியில் கொஞ்சம் விறைப்பு,
மற்றபடி சோறு.
மீன் பொரிகிற சத்தத்துக்குத்
தோப்பிலிருந்து இரண்டு நாய் வந்து உட்கார்ந்தன.

திங்கட்கிழமை, வேனை மேடையில் ஏற்றினேன்.
எங்கள் மேடை பத்துக் கிலோவுக்குக் கீழே பேசாது;
அதற்கு அடுப்பும் தெரியாது, சுடரும் தெரியாது.
போனதைவிட வந்தது இருபது கிலோ கூடுதல்.
மணல் என்றார் பூபதி.
கருவாடு என்றேன்.
சீட்டில் சரக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டு
அடுத்த லாரியைக் கூப்பிட்டேன்.